பாடத்திட்டத்துக்கும் அனுபானம் உண்டு!

இரைப்பு நோயால் மாதத்தில் பத்து நாள் பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளை. மூட்டு வீங்கிப் படி ஏற முடியாத பிள்ளை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியா பிள்ளை. நோய் எதுவுமே இல்லை, பெற்றோர் யோசித்து முடிவெடுத்து வீட்டிலேயே படிக்க வைத்திருக்கும் பிள்ளை. இப்படிப் பலரும் என்னிடம் வருகிறார்கள். பிள்ளையைப் பார்த்து மருந்து எழுதி முடித்ததும், கூட வந்த அம்மா மெதுவாக ஆரம்பிப்பார்: "டாக்டர், எனக்கும் ரெண்டு மாசமா கழுத்தைத் திருப்ப முடியல. ராத்திரி தூக்கமும் இல்ல."

ராத்திரியில் என்னம்மா செய்யறீங்க என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான். நாளைக்குப் பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்! பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்து, எல்லோரும் படுத்த பிறகு, பத்து மணிக்கு மேல் குனிந்து உட்கார்ந்து எழுத ஆரம்பிக்கிறார். போன வருஷம் மூத்தவனுக்கு இதே பாடத்துக்கு எழுதின நோட்டு பரணில் இருக்கும். தேடி எடுக்க நேரமில்லாமல் இளையவளுக்கு மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறார்.

கம்ப்யூட்டரில் பாடத்திட்டம் போடுவதைப் பற்றி வைத்தியர் ஏன் எழுதுகிறார் என்று இப்போது புரிந்திருக்கும். கழுத்துக்குத் தைலம் கொடுத்து அனுப்பிவிடலாம். பதினோரு மணி வேலை அப்படியே இருந்தால் தைலம் என்ன செய்யும், சொல்லுங்கள்?

முதலில் சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2009-ம் வருஷக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. 2012-ல் வந்த திருத்தம், கடுமையான ஊனமும் பலவகை ஊனமும் உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே கல்வி பெறும் உரிமையைத் தந்தது. அதனால் உடம்பு முடியாத பிள்ளையின் பெயரைப் பள்ளியில் இருந்து எடுப்பதற்கு முன், தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிறகு பத்தாம் வகுப்பு நிலைக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 1989-ல் தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்று தொடங்கியது. 14 வயது முடிந்திருந்தால் சேரலாம். பொதுத் தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை. ஒரே மூச்சில் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டியதில்லை; தயாரான பாடத்தை எழுதிவிட்டு மற்றதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தேர்வே தள்ளிப்போக இடம் கொடுக்கும்போது, நம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதம்?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

திரிகடுகு சூரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம எடை. இந்தக் கணக்கு மாறாது. ஆனால் அதைத் தேனில் குழைத்துக் கொடுப்பதா, வெந்நீரிலா, நெய்யிலா, எத்தனை அளவு, எத்தனை நாள் என்பது ஆளைப் பார்த்து மாறும். இந்தத் துணைப் பொருளைத்தான் அனுபானம் என்கிறோம். வைத்தியர் வீட்டு வாகடத்தில் செய்முறை இருக்கும். இன்னாருக்கு இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தேன் என்பது வாகடத்தில் இருக்காது. அது நோயாளியின் குறிப்பில் இருக்கும். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதியிருந்தால் அடுத்த தலைமுறை வைத்தியனுக்கு அந்த ஏடு எதற்கும் உதவாது.

நம் அம்மாக்களின் பாடத்திட்ட நோட்டில் நடப்பது இதுதான். "ஜூன் 12, திங்கள்: பின்னம், பக்கம் 34, கணக்கு 1 முதல் 6 வரை. அருணுக்குக் காய்ச்சல், மூணு கணக்கோட நிறுத்தியாச்சு." இதில் பாடம் இருக்கிறது, தேதி இருக்கிறது, புத்தகத்தின் பக்கம் இருக்கிறது, பிள்ளையின் காய்ச்சலும் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்துத் தங்கைக்கு எடுத்தால் தேதி பொருந்தாது, பக்கம் பொருந்தாது, காய்ச்சலும் பொருந்தாது. பின்னம் மட்டும்தான் மிச்சம்.

கம்ப்யூட்டரில் போட்டாலும் இதே கதம்பமாகப் போட்டால் இதே கதிதான். ஆகவே முதல் வேலை, ஒன்றை இரண்டாகப் பிரிப்பது.

மூலமும் நடப்பும்

ஒரு விரிதாள் போதும். எக்செல் இருந்தால் சரி. இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் என்று இலவசமாகவே கிடைக்கிறது. போனில் கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது. ஒரே கோப்புக்குள் இரண்டு தாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளுக்கு "மூலம்" என்று பெயர் கொடுங்கள். இதில் வரிசை எண், பாடம், எந்தக் கருத்து, என்ன பொருள் தேவை, சுமார் எத்தனை நிமிஷம், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று வரிசையாகக் கட்டங்கள். தேதி இங்கே எங்குமே வரக்கூடாது. பிள்ளையின் பெயரும் வரக்கூடாது.

பக்க எண்ணைத் தனிக் கட்டத்தில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2018-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், 2019-ல் மற்ற வகுப்புகளுக்கும் புத்தகங்கள் மாறின. தேசியப் பாடநூல்களும் 2023-லிருந்து வகுப்பு வகுப்பாக மாறி வந்திருக்கின்றன. "பக்கம் 34 முதல் 37 வரை" என்று மட்டும் எழுதி வைத்தவர்களின் திட்டம் ஒரே நாளில் குப்பையாகிவிட்டது. "சமபின்னம் என்றால் என்ன, தோசையை வெட்டிக் காட்டுவது" என்று எழுதி வைத்தவர்கள் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் திருத்தினார்கள்.

இரண்டாவது தாளுக்கு "நடப்பு" என்று பெயர். இதில்தான் நாள், செய்த தேதி, பிள்ளையைப் பற்றிய குறிப்பு எல்லாம். நாளைக் கையால் அடிக்காதீர்கள். அடித்தால் ஒரு நாள் ஜுரம் வந்ததும் நூறு தேதியை அழித்து எழுத வேண்டிவரும். பாதி அம்மாக்கள் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு மறுபடி நோட்டுக்குப் போவது இந்த இடத்தில்தான்.

விரிதாளில் "வொர்க்டே" என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. மூன்று விஷயம் கேட்கும். பாடம் ஆரம்பிக்கும் நாளுக்கு முந்தின நாள், பாடத்தின் வரிசை எண், விடுமுறைப் பட்டியல். கொடுத்தால், சனி ஞாயிறையும் உங்கள் பட்டியலில் உள்ள நாட்களையும் தாண்டி அந்தப் பாடம் எந்த நாளில் வரும் என்று சொல்லிவிடும். பிள்ளைக்கு மூன்று நாள் உடம்பு சரியில்லையா? அந்த மூன்று தேதியையும் விடுமுறைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அதற்குப் பின்னால் உள்ள பாடங்கள் எல்லாம் தானே மூன்று நாள் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வரும் வரலாறு, ஓவியம் போன்றவற்றுக்கு இதே சூத்திரத்தின் இன்னொரு வகை உண்டு; பெயர் "வொர்க்டே.இன்ட்ல்". அதில் திங்களில் தொடங்கி ஏழு நாளுக்கு ஏழு இலக்கம், மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். பாடம் உள்ள நாளுக்கு 0, இல்லாத நாளுக்கு 1. செவ்வாயும் வியாழனும் மட்டும் என்றால் "1010111". ஒவ்வொரு பாடத்துக்கும் தனி வரிசை எண் இருந்தால்தான் இது சரிவரும்.

இரண்டு இடத்தில் தடுக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தேதிக்குப் பதிலாக ஐந்து இலக்க எண் வந்து நின்றால் பயப்படாதீர்கள். அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும். அடுத்தது, சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது ஆரம்ப நாளின் முகவரியும் விடுமுறைப் பட்டியலின் முகவரியும் கூடவே நழுவும். அவற்றில் டாலர் குறி போட்டுப் பூட்டிவிட வேண்டும். உங்கள் வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் கால் மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரு தடவை போட்டால் போதும்.

"இதுக்குன்னே சாஃப்ட்வேர் விக்குதாமே டாக்டர்?" என்று கேட்பவர்களும் உண்டு. விற்கிறது. அமெரிக்காவில் ஹோம்ஸ்கூல் பிளானட் போன்றவை சந்தா கட்டினால் கிடைக்கும். தவறிப்போன பாடத்தைத் தள்ளி வைப்பது, ஒரு பிள்ளையின் திட்டத்தை இன்னொரு பிள்ளைக்குப் போடுவது எல்லாம் அதில் வசதியாகவே இருக்கிறது. கூடவே வருகைப் பதிவு, மணிக்கணக்கு என்று இன்னும் பல. அங்கே அதற்குத் தேவை இருக்கிறது. பென்சில்வேனியாவில் வருஷத்துக்கு 180 நாள் கற்பித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். நியூயார்க்கில் காலாண்டுக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்தச் சட்டங்களுக்காக வந்த கட்டங்களை நம் வீட்டில் நிரப்பிக்கொண்டிருப்பது வீண் வேலை. டாலர் சந்தா கட்டி, தினமும் "இன்று எத்தனை மணி நேரம்" என்று பூர்த்தி செய்து மனசு சோர்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வசதி உள்ளவர்கள் வாங்கலாம், தப்பில்லை. கேட்காத கணக்கை யாருக்கும் எழுதாதீர்கள்.

நகர வேண்டியது நாள்தான்

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இரைப்பு உள்ள பிள்ளைகளுக்குச் சோதனைக் காலம். மழை, ஈரம், வீட்டுக்குள் பூசணம். ஏழாம் வகுப்பு நிலையில் வீட்டில் படிக்கும் ஒரு பையனை அவன் அம்மா அழைத்து வந்தார். அந்த மழைக்காலத்தில் அவனுக்கு 23 நாள் பாடம் போய்விட்டது. அம்மா என்ன செய்தார்? தீபாவளிக்குப் பிறகு தினமும் இரண்டு நாள் பாடம்! காலையில் ஒன்று, சாயங்காலம் விட்டுப்போன ஒன்று. சாப்பாடு ஒன்பதரை மணிக்கு, படுக்கை பதினொன்றுக்கு. பிள்ளைக்கு விடிகாலையில் மறுபடி இழுப்பு. அம்மாவின் போனில் அட்டவணையைக் காட்டினார். விட்டுப்போன பாடங்கள் எல்லாம் வரிசையாகச் சிவப்பு நிறத்தில் இருந்தன. "இந்தச் சிவப்பைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு படபடன்னு வருது டாக்டர்" என்றார்.

பிள்ளைக்கு மருந்தைத் தொடர்ந்தோம். (நுரையீரல் மருத்துவர் கொடுத்த இன்ஹேலரையும் தொடரச் சொன்னேன். சித்த மருந்து சாப்பிடுகிறோமே என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.) அம்மாவுக்கு நான் சொன்னது, அந்த 23 நாளையும் விடுமுறைப் பட்டியலில் போட்டுவிட்டுச் சிவப்பை எடுத்துவிடுங்கள் என்பதுதான். ஏழாம் வகுப்புப் பாடம் ஏப்ரலில் முடிவதற்குப் பதில் மே மாதம் முடிந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? சாயங்காலப் பாடம் நின்றதும் பிள்ளை ஒன்பது மணிக்குத் தூங்க ஆரம்பித்தான். அம்மாவும்தான்.

இதற்கு இடம் வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே திட்டத்தில் காலி நாள் விட வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடங்களுக்கு 1 முதல் 5 வகுப்பு வரை 200 வேலை நாள், 6 முதல் 8 வரை 220 வேலை நாள் என்கிறது. அதில் தேர்வு, விழா எல்லாம் அடக்கம். வீட்டில் 200 நாள் இருக்கிறது என்று 200 பாடம் எழுதி வைத்தால் அது முதல் சளியிலேயே உடைந்துவிடும். 160-க்கு மேல் எழுதாதீர்கள் என்பது என் யோசனை. நீண்ட நோய் உள்ள பிள்ளைக்கு 130 போதும். நாள் மிஞ்சினால் பிள்ளை விளையாடட்டுமே!

அண்ணன் நோட்டும் தங்கச்சி வயிறும்

இனி மறுபடி உபயோகிப்பது. இளையவளுக்கு எடுக்கும்போது "மூலம்" தாளை மட்டும் நகல் எடுங்கள். அண்ணனின் "நடப்பு" தாள் அவளுடைய கோப்புக்குள் வரவே கூடாது. வந்தால் என்ன ஆகும் தெரியுமா? "அண்ணன் இதை நாலு நாள்ல முடிச்சிட்டான், நீ ஒரு வாரமா உட்கார்ந்திருக்கே" என்ற பேச்சு நம்மை அறியாமல் வாயில் வந்துவிடும்.

காலையில் மட்டும் வயிற்று வலி, பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை அறவே இல்லை. இப்படி ஒன்பது வயசுப் பெண் பிள்ளை வந்தால் பூச்சியா, மலச்சிக்கலா, வேறு கோளாறா என்று முதலில் பார்க்கத்தான் வேண்டும். பார்த்து ஒன்றும் இல்லை என்றால், வீட்டில் பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்பேன். பல தடவை பதில் அங்கே இருந்திருக்கிறது. ஓமத் தண்ணீர் கொடுப்பதோடு அட்டவணையையும் மாற்றினால்தான் அந்த வலி போகும்.

நகல் எடுத்த கையோடு நிமிஷக் கணக்கையும் அவளுக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் வெறுமனே கவனியுங்கள். அண்ணனுக்கு 40 நிமிஷம் ஆன பாடம் இவளுக்கு இரண்டு நாளாகப் பிரிய வேண்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். வாய்ப்பாடு அவனைவிட வேகமாக வந்தால் மூன்று வரியை ஒன்றாகச் சுருக்குங்கள். சரக்கு அதேதான், அனுபானம் வேறு.

ஒரு பாடம் முடிந்த பிறகு குறிப்பு எழுதுகிறீர்களே, அதில் எது "மூலத்துக்கு"த் திரும்பிப் போக வேண்டும் என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். "நீராவிச் சோதனைக்கு இட்லிப் பாத்திர மூடி நன்றாக இருந்தது, டம்ளர் உடைந்தது" என்பது மூலத்துக்குப் போகலாம். யாருக்குச் சொல்லித் தந்தாலும் உதவும். "இன்று அழுதாள்" என்பது நடப்பிலேயே இருக்கட்டும். அதை மூலத்தில் எழுதினால், பின்னால் அந்தப் பாடத்துக்கு வரும்போதே உங்களுக்குப் பயம் வந்துவிடும். பழைய ஏடுகளைப் பெயர்த்து எழுதினவர்கள் ஓரத்தில் இருந்த சொந்தக் குறிப்பையும் செய்முறைக்குள் சேர்த்து எழுதிவிட்டதால், இன்றைக்குப் பாட பேதம் பார்த்து நாங்கள் திண்டாடுகிறோம். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம்.

தமிழில் அடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. யூனிகோட் எழுத்தில் மட்டும் அடியுங்கள். போன் விசைப்பலகையில் அடிப்பது எல்லாம் யூனிகோட்தான். அச்சகங்களில் பழகிய பழைய எழுத்துருக்களில் அடித்தால், வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது கண்டபடி ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும்; தேடினாலும் வார்த்தை அகப்படாது. 2010-ல் தமிழக அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டது. நான்கு வருஷம் கழித்துத் திறந்து படிக்க முடியாத திட்டத்தை எழுதி என்ன லாபம்?

கண்ணும் உடம்பும்

இந்தத் திட்டத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டியது நீங்கள்தான். பிள்ளைக்கு அந்த வாரத்துப் பக்கத்தை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டோ, கையால் எழுதியோ சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். "அடுத்தது என்ன" என்று பார்க்கப் பிள்ளை போனை எடுத்தால், திரும்பிக் கொடுக்கும்போது அரை மணி நேரம் போயிருக்கும்.

திட்டத்திலேயே வெளிச்சத்துக்கும் இடம் ஒதுக்குங்கள். தைவானில் 2010-லிருந்து பிள்ளைகளைத் தினமும் 120 நிமிஷம் வெளியில் இருக்க வைக்கும் திட்டத்தைப் பள்ளிகளில் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு, பல வருஷமாக ஏறிக்கொண்டே போன கிட்டப்பார்வைக் குறைபாடு குறையத் தொடங்கியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாவது நடந்து போய் வரும், மைதானத்தில் நிற்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நாமாக எழுதி வைத்தால்தான் உண்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும், மொட்டை மாடியில் நிழலை அளப்பதையும் தனி வரியாகப் போடுங்கள், அதுவும் பாடம்தான்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கை வைக்காதீர்கள். கதை கேட்பது, வரைவது, படம் ஒட்டுவது அந்த நேரத்துக்குச் சரி. எண்ணெய் முழுக்கு நாளில் அரை நாள் பாடம் போதும். குளித்த அன்று வெயிலில் அலையவும் பகலில் தூங்கவும் கூடாது என்பதால் வெளிவேலைப் பாடத்தை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். இழுப்பு இருக்கும் சமயத்தில் எண்ணெய் முழுக்கே வேண்டாம்.

உங்கள் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முக்கால் மணி நேரம். அந்த நேரம் சமையலறை வேறு யாராவது ஒருவர் கையில் இருக்கட்டும். மேஜை உயரத்தில் கம்ப்யூட்டர், முதுகுக்குச் சாய்மானம், கண் மட்டத்துக்குத் திரை. முடிந்த பாடத்துக்கு எதிரில் தேதி போடுவது, வருகிற வாரத்துக்கு என்ன பொருள் வாங்க வேண்டும் என்று பார்ப்பது, வாரத் தாளை எழுதி ஒட்டுவது. இவ்வளவுதான் வேலை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்கவே கூடாது. இதைப் பத்தியமாகவே சொல்லுகிறேன்.

வருஷம் முடிந்ததும் மூலத் தாளை ஒரு பென்டிரைவிலும், வேறு ஒரு வீட்டில் உள்ள கம்ப்யூட்டரிலும் நகல் போட்டு வையுங்கள். கோப்பின் பெயரில் வகுப்பும் வருஷமும் இருக்கட்டும். "புதுசு", "கடைசி", "கடைசி 2" என்றெல்லாம் வேண்டாம். அச்சிட்ட படி ஒன்று, துளை போட்டு நூலில் கோத்து, பிள்ளையின் மருத்துவக் குறிப்புகள் இருக்கும் அதே பையில். அடுத்த பிள்ளைக்குத் திறக்கும்போது விடுமுறைப் பட்டியலைக் காலி செய்துவிட்டு, ஆரம்ப நாளை மாற்றுங்கள். மற்ற தேதிகளை விரிதாள் பார்த்துக்கொள்ளும்.